பின்னாடி தேவைப்படலாம்

2020 மார்ச் மாதம் சிங்கப்பூர் அரசு ட்ரேஸ்டுகெதர் என்ற செயலியை வெளியிட்டது. கொரோனா தொற்று வந்தவரின் அருகில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் அவர்களுடைய போன்கள் புளூடூத் வழியாக ஆளுக்கொரு தற்காலிக எண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்த எண்கள் 25 நாள் போனிலேயே இருக்கும், பிறகு அழிந்துவிடும். தொற்று உறுதியானவர் மட்டும் தன் போனில் சேர்ந்திருப்பதைச் சுகாதார அமைச்சுக்கு அனுப்ப வேண்டும். தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே இந்தத் தரவு பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் வெளிப்படையாக உறுதி கொடுத்தார். மக்கள் நம்பினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நாட்டில் நான்கில் மூன்று பங்குப் பேர் செயலியையோ, அதற்குப் பதிலாக அரசு கொடுத்த சின்னக் கருவியையோ வைத்திருந்தார்கள்.

2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன உள்துறைத் துணை அமைச்சர், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் இந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்றார். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்பதும் வெளியில் வந்தது. மறுநாள் விவியன் பாலகிருஷ்ணன் எழுந்து, உறுதி கொடுத்த நேரத்தில் அந்தச் சட்டம் தன் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும்தான் இந்தத் தரவைத் தொடலாம் என்று அவசரமாகப் புதுச் சட்டம் இயற்றினார்கள்.

அமைச்சர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அதனாலேயே இந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த வாக்குறுதி, ஏற்கெனவே புத்தகத்தில் இருந்த ஒரு சட்டப்பிரிவின் முன்னால் செல்லாமல் போனது. காரணம், அந்தத் தரவு கேட்டால் கொடுக்கக்கூடிய வடிவத்தில் இருந்தது. ஒரு தற்காலிக எண் யாருடைய போன் எண் என்று பார்க்கும் சாவி அரசின் சர்வரில் இருந்தது.

அதே மாதங்களில் ஐரோப்பாவில் கார்மெலா ட்ரோன்கோசோ என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு குழு டிபி-3டி என்ற இன்னொரு வடிவமைப்பை முன்வைத்தது. 2020 ஏப்ரலில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அறிவித்த முறையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போனது. அதில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவரவர் போனுக்குள்ளேயே நடக்கும். தொற்று வந்தவர் தன்னுடைய எண்களுக்கான சாவியை மட்டும் பொதுவில் ஏற்றுவார். அந்த எண்களில் ஏதாவது ஒன்றை நான் எதிர்கொண்டேனா என்று என் போன் தனக்குள் தேடிக்கொள்ளும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் எந்தச் சர்வரிலும் உருவாகாது. எந்தச் சட்டப்பிரிவைக் காட்டிக் கேட்டாலும் அங்கே கொடுக்க ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரு விலை உண்டு: சுகாதார ஊழியர்களாலும் அந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது. நேரடியாகப் போன் செய்து தொடர்புகளைத் தனிமைப்படுத்த வேண்டும் என்பதால் சிங்கப்பூர் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. அது மறுக்க முடியாத காரணம்தான். ஆனால், போலீஸ் பத்து மாதம் கழித்து என்ன கேட்க முடியும் என்பது, சாவியை எங்கே வைப்பது என்று பொறியாளர்கள் படம் வரைந்த அன்றே முடிவாகிவிட்டது.

நான் சர்வர் பக்கத்து மென்பொருள் எழுதுபவன். பயனர் கணக்கு, பணப் பரிவர்த்தனை, அவற்றின் லாக்குகள் (என்னென்ன நடந்தது என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகள்) என்று என் நாள் போகும். இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: "இதையும் சேர்த்து வெச்சுக்குவோம், பின்னாடி தேவைப்படலாம்." புதுச் செயலிக்கு டேட்டாபேஸ் வடிவமைக்க உட்காரும்போது பிறந்த தேதிக்கு ஒரு ஃபீல்டு, இருப்பிடத்துக்கு ஒரு ஃபீல்டு, போனில் வேறு என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்பதற்கு ஒரு ஃபீல்டு என்று சேர்ந்துகொண்டே போகும். சேமிக்கும் செலவு மிகக் குறைவு, அதனால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த அறையில் உளவுத்துறையும் இருக்காது, அமைச்சரும் இருக்க மாட்டார். தரவின் வாழ்நாளைத் தீர்மானிப்பது நாங்கள்தான்.

அரசுக் கண்காணிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம் ஊரில் பேச்சு ஆட்சியில் யார் இருக்கிறார்கள் என்பதில் போய் நின்றுவிடுகிறது. பிடித்த கட்சி என்றால் பாதுகாப்பு, பிடிக்காத கட்சி என்றால் ஒட்டுக்கேட்பு. ஒரு மென்பொருள் அமைப்பை மதிப்பிடும்போது நான் பார்ப்பது இதை யார் நடத்துகிறார் என்பதை அல்ல. இதை நடத்துபவர் மாறினால், இதன் மீது பாயும் சட்டம் மாறினால், ஒரு பாஸ்வேர்டு வெளியில் போனால், அப்போது இது என்னவாக மாற முடியும் என்பதைத்தான்.

என் சித்தப்பா இதைக் கேட்டால், "மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்" என்பார். நேர்மையாக வாழ்ந்தவர், அவர் மனதார நம்பித்தான் சொல்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: மடியில் என்ன இருக்கிறது என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை சித்தப்பா, வழிமறிப்பவர்தான். சாதி கடந்து திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வந்த இரண்டு பேர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் அவர்களுடைய போன் எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்ற ஒற்றைத் தகவல் தவறான கையில் கிடைத்தால் அவர்கள் உயிரே போகலாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை நான் ஏட்டுச் சுரைக்காயாகப் பேசவில்லை.

அந்த டவர் தகவல் ரொம்பவும் ரகசியமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவருக்குக் கீழிருந்து பேசினார் என்ற பதிவுதான் சி.டி.ஆர். என்ன பேசினார் என்பது அதில் இருக்காது. தொலைபேசி நிறுவனங்கள் அதைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2021 டிசம்பரில் மத்திய அரசு இரண்டு ஆண்டாக உயர்த்தியது. 2013-இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் சி.டி.ஆரைத் திருட்டுத்தனமாக எடுத்த வழக்கில் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரே கைதானார். அதற்கப்புறம்தான் எஸ்.பி. தரத்தில் உள்ள அதிகாரி கேட்டால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. விதி வந்தும், 2018-இல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ், காசுக்கு சி.டி.ஆர். வாங்கி விற்ற தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. எதிர்க்கட்சித் தலைவருடைய பதிவுக்கே அந்தக் கதி என்றால், ஊரைவிட்டு ஓடிவந்த ஜோடியின் பதிவுக்கு யார் காவல்?

பேச்சு இல்லாத வெறும் பதிவுதானே என்று இதை லேசாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். 2013-இல் இவ்-அலெக்சாந்தர் த மோன்ஜுவாவும் உடன் ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் இருப்பிடப் பதிவுகளைப் பெயரில்லாமல் எடுத்துப் பார்த்தார்கள். இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. வீடு, அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச், மாதம் ஒருமுறை போகும் மருத்துவமனை. முடிந்தது கதை. இன்னொன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. தாங்களே முன்வந்து அழைப்புப் பதிவைக் கொடுத்தவர்களில் ஒருவர் இதயநோய் மருத்துவரோடும், மருந்துக் கடையோடும், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிக்கான உதவி எண்ணோடும் பேசியிருந்தார். அவருக்கு என்ன நோய் என்பதை ஊகிக்க அவர் பேசிய ஒரு சொல்லையும் யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. மனிதர்கள் பேச்சில் பொய் சொல்லலாம். பதிவில் உள்ள நேரமும் டவரும் பொய் சொல்லாது, அதை அலசும் வேலையையும் இன்று கணினியே செய்துவிடுகிறது. பேச்சைக் கேட்பதைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

பேச்சைக் கேட்பதற்காவது ஒரு நடைமுறை இருக்கிறது. அது எப்படிப்பட்ட நடைமுறை என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

1885-இல் பிரிட்டிஷ் ஆட்சி எழுதிய தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் ஒட்டுக்கேட்பதற்கான அடிப்படை. பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால் மட்டும்தான் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று எந்த விதியும் இல்லாமலே நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். பி.யு.சி.எல். என்ற குடிமை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் வரையறை போட்டது: உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும், ஓர் உத்தரவு இரண்டு மாதம் செல்லும், மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு ஒவ்வொரு உத்தரவையும் பார்க்க வேண்டும். நீதிபதி ஒருவர் முன்கூட்டியே அனுமதி தர வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அரசுச் செயலாளர்கள். உத்தரவு போடுபவரும் அரசு, அது சரியா என்று பார்ப்பவரும் அரசு.

சரி, பார்க்கிறார்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு, மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் மத்திய அரசால் பிறப்பிக்கப்படுகின்றன என்று உள்துறை பதில் கொடுத்தது. மாநில அரசுகள் போடும் உத்தரவுகள் இதில் சேராது. மறுஆய்வுக் குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளை அவர்கள் பார்த்தாக வேண்டும் என்று தரவுப் பாதுகாப்பை ஆராய அரசு அமைத்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையே சுட்டிக்காட்டியது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் 28,800 நொடிதான். ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடிகூடத் தேறாது. இப்படி ஒரு சோதனை முறையை என் அலுவலகத்தில் யாராவது கொண்டுவந்தால், இது சோதனையே இல்லை என்று அன்றே திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கே அது ஒரு குடிமகனின் போனை ஆறு மாதம் கேட்பதற்கான ஒரே தடுப்பு.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு இதன் நடைமுறையைக் காட்டியது. 2011-இல் ஒரு லஞ்ச வழக்கில் உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவு அது. பொது நெருக்கடியும் இல்லை, பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை, ஒரு குற்றத்தைத் துப்பறிவதற்காக ரகசியமாகக் கேட்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லி அதை ரத்து செய்தார். ஒட்டுக்கேட்டவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கேட்டது 2011-இல், செல்லாது என்று சொன்னது 2025-இல். இடையில் 14 வருஷம். அதுவும் ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு வழக்குத் தொடுக்கும் வசதி இருந்ததால். தன் போனைக் கேட்டார்கள் என்று தெரியாமலேயே இருப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? கேட்டு முடித்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்த பிரிட்டன், 2016-இல் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அங்கே இப்போது அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நீதித்துறை ஆணையர் ஒப்புதல் தந்தால்தான் உத்தரவு செல்லும். நாம் 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தோம், 2024 டிசம்பரில் புது ஒட்டுக்கேட்பு விதிகளையும் வெளியிட்டோம். நீதிபதி அப்போதும் உள்ளே வரவில்லை. கிடைத்த நல்ல வாய்ப்பைக் கை நழுவவிட்டோம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மனதுக்குள் பெரிய போராட்டமாக இருந்தது வாட்ஸப் வழக்குதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குடும்பத்தோடு கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்துக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் மேல் சந்தேகம் வரக் காரணம். அந்த வாரங்களில் தமிழ்நாடு முழுக்க வாட்ஸப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. இதை முதலில் அனுப்பியவன் யார் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற கோபம் அப்போது எனக்கும் இருந்தது. இன்றும் அது நியாயமான கோபம் என்றுதான் சொல்வேன்.

அதே 2018-இல், சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. ஆதார் இணைப்புப் பேச்சு பின்னால் போய், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது எப்படி என்பதாக வழக்கு வளர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, என்க்ரிப்ஷனை (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி போடும் பூட்டை) உடைக்காமலேயே ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் எண்ணைச் சேர்த்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் அதில் உள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி எதிர் அறிக்கை கொடுத்தார். வழக்கு அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வருவதற்குள் 2021 பிப்ரவரியில் மத்திய அரசே தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்று ஒன்றைச் சேர்த்தது: 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் சேவைகள், உத்தரவு வந்தால் முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும். வாட்ஸப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் நாங்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொல்லும் அளவுக்கு அது முற்றியது.

பொறியாளனாக இந்த விதியைப் படித்தபோது எனக்குப் பட்டது இது. எந்தச் செய்தியை நாளை கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாச் செய்திக்கும் ஒரு அடையாளம் வைத்தாக வேண்டும்: நீங்கள் மனைவிக்கு அனுப்பியது, டாக்டருக்கு அனுப்பியது, பத்திரிகையாளருக்கு அனுப்பியது, எல்லாவற்றுக்கும். கொலைகாரன் ஒருவனைப் பிடிக்க ஊரில் உள்ள அத்தனை பேரின் கடிதத்துக்கும் பதிவேடு போடுகிற வேலை. செய்தியின் உள்ளடக்கத்துக்குப் பதில் அதன் ஹேஷை, அதாவது செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பில் ஒரு யோசனை வந்தது. ஹேஷ் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் பலவீனமும் தெரியும். ஒரு முற்றுப்புள்ளியைக் கூடுதலாக வைத்தால் முற்றிலும் வேறு ஹேஷ் வந்துவிடும். திட்டமிட்டு வதந்தி பரப்புபவன் அதைச் செய்வான். நல்ல மனதோடு ஃபார்வர்டு செய்த பெரியவர்தான் மாட்டுவார். அந்த விதியிலேயே இன்னொன்றும் இருக்கிறது: முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரையே முதல் அனுப்புநராகக் கொள்ள வேண்டும். துபாயில் இருக்கும் மகன் அனுப்பியதைத் தெரு குரூப்பில் போட்ட அம்மா, சட்டத்தின் கண்ணில் அதை உருவாக்கியவர் ஆகிவிடுவார்.

போளூர் சம்பவத்துக்குத் தீர்வே இல்லையா என்றால், இருந்தது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸப் மாற்றியது. 2020-இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனம் சொன்னது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். யாருடைய அடையாளத்தையும் புதிதாகச் சேகரிக்காமல், வேகத்தை மட்டும் குறைத்துச் செய்த மாற்றம் அது. என் கோபத்துக்கு அதைவிட நல்ல பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

முகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு, முக அடையாள மென்பொருளில் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் உள்ளிட்ட அரசுத் தரவுகளை ஏற்றி 1,100-க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் சொன்னார். ஓட்டுப் போடவும் வண்டி ஓட்டவும் கொடுத்த போட்டோ அது. வாங்கும்போது யாரும் இதைச் சொல்லி வாங்கவில்லை. தமிழ்நாடு போலீஸும் 2021-இல் முக அடையாளத் தளத்தைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்து தரவு வெளியில் போனது. கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு கசிந்ததுதான் காரணம் என்று விளக்கம் வந்தது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். இதற்கென்று ஒரு சட்டம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(2) பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு கொடுக்க மத்திய அரசை அனுமதிக்கிறது. தனியார் நிறுவனத்திடமிருந்து என்னைக் காப்பாற்ற வந்த சட்டம், அரசிடமிருந்து காப்பாற்றும் இடத்தில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவையும் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுப்பதை எளிதாக்கிவிட்டது. ஒட்டுக்கேட்பு உத்தரவுகளின் எண்ணிக்கை நமக்குத் தெரிய வந்ததே அந்த உரிமைச் சட்டத்தால்தான். அரசு நம்மைப் பார்ப்பது கூடுகிறது, நாம் அரசைப் பார்ப்பது குறைகிறது. எனக்கு இதில்தான் வருத்தம்.

எதிர்ப்புக்குப் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் கடைசியில், புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, போன் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்தச் செயலி, தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும், நல்ல பயன்பாடுதான். ஆனால் அரசின் செயலி ஒன்று கேட்காமலே எல்லோர் போனிலும் உட்காருவது வேறு விஷயம். செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பில், டிசம்பர் 3-ஆம் தேதியே கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே நவம்பரில் வந்த இன்னொன்றுக்கு அந்த அளவு எதிர்ப்பு வரவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் அப்போதுதான் வெளியாயின. என்னைப் போன்றவர்கள் வரி வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அதில் ஒரு விதி, தனிப்பட்ட தரவையும் அது சார்ந்த லாக்குகளையும் குறைந்தது ஓராண்டு அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட காரணங்களுக்காக அரசு கேட்டால் கொடுப்பதற்காக. பயனர் தன் கணக்கை அழித்துவிட்டுப் போனாலும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தனியுரிமைக்காக எழுதிய சட்டத்தின் கீழ், அழிக்காதே என்ற கட்டளை. தேவை முடிந்ததும் அழித்துவிடுவது என்ற நல்ல பழக்கம் உள்ள குழுக்களுக்கு இது நேரடியான அடி. நாங்கள் லாக்கில் போன் எண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் விட்டு மீதியை மறைப்போம், ஐ.பி. முகவரியின் பின்பாதியைச் சேமிக்க மாட்டோம். ஒவ்வொரு பயனரின் தரவையும் தனித்தனிச் சாவியால் என்க்ரிப்ட் செய்து, அவர் விலகும்போது சாவியை அழித்துவிடுவோம், அப்போது பழைய பேக்கப்பில் கிடப்பதும் யாருக்கும் உதவாமல் போகும். இதில் கடைசி முறைக்கு இப்போது ஓராண்டுத் தாமதம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

விதியை மீறுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, என் நிறுவனமும் மீறாது. ஆனால் அந்த விதி, கையில் உள்ளதைத்தான் வைத்திருக்கச் சொல்கிறது. இல்லாததைச் சேகரிக்கச் சொல்லவில்லை. அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, இது எதற்கு, இது இல்லாமல் எந்த வேலை நிற்கும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறோம். எழுத முடியாதது நீக்கப்படும். முதலில் போனது பிறந்த தேதி. பதினெட்டு வயது நிரம்பியவரா என்ற ஆம், இல்லை மட்டும் போதும் என்று தெரிந்தது. போனில் உள்ள மற்றச் செயலிகளின் பட்டியலை யார், எப்போது சேர்த்தார்கள் என்றே யாருக்கும் நினைவில்லை, அதுவும் போய்விட்டது. இருப்பிடத்தை மோசடித் தடுப்புக் குழு விடமாட்டேன் என்கிறது. அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. துல்லியமான இடத்துக்குப் பதில் மாவட்டத்தின் பெயர் போதுமா என்று பரிசோதித்துக்கொண்டிருக்கிறோம்.